யார் பிள்ளை என்று கேட்டால்

அன்புள்ள தம்பி ரமேஷ்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீ இடம் கொடுத்தால்தானே? மூச்சு விடாமல் பேசிவிட்டு, "கடையில ஆள் நிக்குதும்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். நான் திரும்ப எடுத்தாலும் நீதான் பேசுவாய். கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். கொழும்பில் போன் கடையில் நிற்கிற மகனுக்குத் தபாலில் கடிதாசி போடுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், சிரித்துக்கொள். இதை நீ மட்டும் வாசிக்க வேண்டும் என்றும் இல்லை. உன்னோடு அறையில் இருக்கும் பையன்களுக்கும் தோட்டத்தில் தங்கச்சி, தம்பிமார் இருப்பார்கள், அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. கலவானையில் உனக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணுக்கும் கொடு. தையில் கல்யாணம் முடிந்து, நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை போனுக்குக் கை நீட்டத்தான் போகிறது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அம்மா கூட்டிச் சொல்கிறாள் என்று பிறகு பேச்சு வரக்கூடாது. "ஒங்களுக்கு ஒன்னும் வெளங்காதும்மா. எல்லாத்தையும் அழிச்சிட்டு அந்தப் போன எடுத்துப் பெட்டியில வச்சுப் பூட்டுங்க. தீபாவளிக்கு வந்து நானே கொண்டு போறேன். இனி அவளுக்குப் போனே கெடையாது" என்றாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. பயந்துபோய்த்தான் கத்தினாய். உன் அப்பாவும் இப்படித்தான், பயம் வந்தால் குரல் உயரும். உன் தங்கச்சி தனு பிறக்கும்போது உனக்குப் பதினாறு வயது. அந்த வயதில் அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாளே என்று வெட்கப்பட்டு, கிளினிக் போகும் நாளில் என்னைத் தெரியாதவன் மாதிரி முன்னால் வேகமாக நடந்தவன் நீ. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு அந்த வெட்கம் எங்கே போனதோ, இடுப்பை விட்டு அவளை இறக்கவே மாட்டாய். கிரிக்கெட் விளையாடப் போனாலும் தூக்கிக்கொண்டு போய் விக்கெட்டுக்குப் பின்னால் உட்கார வைப்பாய். அவளுக்கு நீ பாதி அப்பா. அதனால்தான் நீ சொல்கிற ஒரு சொல் அவளுக்கு என் பத்துச் சொல்லைவிடப் பெரிது, அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய். முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் உன்னிடமிருந்துதான் தொடங்க வேண்டும். உனக்கு ஆறு வயது இருக்கும். கோயில் திருவிழாவில் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவுப் பெரியவர் ஒருவர் உன்னைப் பிடித்து நிறுத்தி, "யாரு புள்ளடா நீ?" என்று கேட்டார். நீ என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். "வாயில என்னா கொழுக்கட்டையா? புள்ள வளத்திருக்கிற லெச்சணம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு மானம் போனது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து உன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, பெரியவர்கள் கேட்டால் நிமிர்ந்து நின்று எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். உன் பேர், அப்பா பேர், தாத்தா பேர், மேல்கணக்கா கீழ்க்கணக்கா, வீட்டு வரிசையில் எத்தனையாவது லயம். தோட்டத்தில் பிள்ளைக்கு முதல் பாடமே இதுதான், அ, ஆ எல்லாம் பிறகுதான். கேட்டால் சொல்லாத பிள்ளை மரியாதை தெரியாத பிள்ளை. நீயும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கப் பழகினாய்.

அந்தப் பாடம் வீண் போகவும் இல்லை. அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய், பெல்மதுளைச் சந்திக் கூட்டத்தில் உன்னைத் தொலைத்துவிட்டு நான் பஸ் ஸ்டாண்டுக்கும் கடைத்தெருவுக்குமாக ஓடினேன், நினைவிருக்கிறதா? நீ அழுதுகொண்டு நின்றது ஒரு தமிழ் ஜவுளிக் கடை வாசலில். முதலாளி வெளியே வந்து, "யாரு புள்ளப்பா நீ?" என்று கேட்டிருக்கிறார். நீ அழுகையோடு அழுகையாகத் தாத்தா பேர் வரைக்கும் ஒப்பித்திருக்கிறாய். அவருக்கு உன் தாத்தாவைத் தெரியும். உன்னைத் தூக்கி மேசை மேல் உட்கார வைத்து, பையனை அனுப்பி என்னைத் தேடிப் பிடித்தார். நான் வந்து பார்த்தால் நீ டொபி சப்பிக்கொண்டு இருக்கிறாய். அன்று அந்த ஒப்பிப்புத்தான் உன்னை என் கையில் கொண்டு வந்து சேர்த்தது. அதனால் தனுவுக்கும் அதையே, இன்னும் அழுத்தமாகப் பாடமாக்கி வைத்தேன். கிள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் நாம் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் படித்துக்கொள்கின்றன. இங்கே நாம் கொஞ்சப் பேர். பஸ்ஸில் ஏறினால் சிங்களம், ஆஸ்பத்திரியில் சிங்களம், கடையில் சிங்களம். நாமும் நன்றாகத்தான் பேசுகிறோம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் எங்கேயாவது ஒரு தமிழ்க் குரல் கேட்டால் தலை தானாகத் திரும்புகிறது. "நம்ம ஆளு" என்று ஒரு சந்தோஷம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, இறங்குவதற்குள் எப்படியாவது ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவோம். தெரியாத ஆளையும் அண்ணா, மாமா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், வேறு எப்படிக் கூப்பிடுவது? இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இதை வைத்துக்கொண்டுதான் நாம் இந்தக் காட்டுக்குள் இத்தனை காலம் தனியாகப் போகாமல் இருந்தோம். ஆனால் இந்தப் பழக்கத்தையே ஒருவன் திறவுகோலாக எடுத்துக்கொண்டு நம் வீட்டுக் கதவைத் திறக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ வாங்கிக் கொடுத்த போனில் அவள் பாடம் படித்தாள், பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே படித்தாள். பிறகு ஒரு விளையாட்டு. துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், சுடுகிறார்கள், செத்தாலும் எழும்பி வருகிறார்கள். அதில் வைரம் கிடைக்கும் என்று சொன்னாள். உன் அப்பா குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தோண்டியும் கிடைக்காத வைரம் என் மகளுக்கு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி கிடைக்கிறதே என்று நான்கூடக் கேலி பண்ணினேன். விளையாடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசலாம், எழுதலாம் என்பது எனக்குத் தெரியாது. பாடசாலை விடுமுறை. நான் விடியும் முன்பே ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போய், பாலை எடுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வரும்போது பகல் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் வீட்டில் அவளும் போனும்தான்.

அந்த விளையாட்டில் ஓர் ஆள் தமிழில் பேசியிருக்கிறான். யாழ்ப்பாணத் தமிழ் இல்லையாம், இந்தியத் தமிழ் இல்லையாம், நம்மைப் போலவே பேசினானாம். "தங்கச்சி, நான் பதினோராம் ஆண்டு படிக்கிறேன், நீ யாரு புள்ள? எந்தத் தோட்டம்?" என்று கேட்டிருக்கிறான். தம்பி, என் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறாள். பேர் தனுஜா, அப்பா பேர் செல்லையா, தாத்தா பேர் இன்னது, கீழ்க்கணக்கு, நாலாவது லயம். நான் சொல்லிக் கொடுத்த வரிசை மாறவில்லை, தோட்டத்தின் பேர் மட்டும் கூடுதல். "ஓ, செல்லையா அண்ணனா? எனக்கு நல்லாத் தெரியுமே!" என்று அவன் சொல்லியிருக்கிறான். பேரைச் சொன்னதே இவள்தான் என்பது ஒன்பது வயதுக்கு எப்படி விளங்கும்? சொந்தம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். அவன் கொஞ்சம் வைரம் அனுப்பினான். பிறகு பாடசாலை உடுப்போடு ஒரு போட்டோ கேட்டான், அனுப்பினாள். வீட்டு வாசலை வீடியோ எடுக்கச் சொன்னான், எடுத்தாள். அம்மா எத்தனை மணிக்கு மலைக்குப் போவாங்க, அப்பா எப்போது வருவாரு என்று விசாரித்தான், பெரியவர் கேட்கிறாரே என்று அதையும் சொன்னாள்.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை நீ கேட்கவே இல்லை. அதுதான் இந்தக் கதையில் முக்கியம். வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம், நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டு இருக்கிறேன். தனு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, ஏசாதீங்க. நம்ம வீட்டுல பிஸ்கட் இல்ல தானே?" என்றாள். "எதுக்குடி?" என்றேன். "நாளைக்கு ஒரு அண்ணா வாறாரு. வெறும் தேத்தண்ணியா குடுக்கிறது?" என்றாள். வீட்டுக்கு ஆள் வந்தால் வெறும் தேத்தண்ணி கொடுக்கக்கூடாது என்பதும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு பிஸ்கட்டால்தான் தம்பி, நாம் தப்பினோம்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்குக் கை ஓங்கத்தான் வந்தது. கையெல்லாம் மாவாக இருந்ததால் கழுவிவிட்டு வருவோம் என்று பைப்புக்குப் போனேன். கழுவி முடிப்பதற்குள் அவள் முகம் என் கண்ணுக்குள் வந்துவிட்டது. விருந்தாளிக்குப் பிஸ்கட் இல்லையே என்று கவலைப்படுகிற பிள்ளையை எதற்கு அடிப்பது? திரும்பி வந்து பக்கத்தில் உட்கார வைத்து, "எந்த அண்ணா? சொல்லு, எனக்கும் தெரிஞ்ச ஆளான்னு பாப்போம்" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எழுதியிருந்ததைப் போனில் காட்டினாள். என் பயத்தை முகத்தில் காட்டவில்லை. காட்டியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பாள். உன் அப்பா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். அன்று மாலையே போலீசுக்குப் போயிருக்க வேண்டும். கடைசி பஸ் போய்விட்டது, காலையில் பார்ப்போம் என்று இருந்துவிட்டோம். அது எங்கள் பிழை, நீ அப்படிச் செய்யாதே.

வெள்ளிக்கிழமை நான் மலைக்குப் போகவில்லை, அப்பாவும் குழிக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சனத்தைக் கூப்பிட்டு இஸ்தோப்பில் உட்கார வைத்துக்கொண்டு நான் பிள்ளையோடு இருந்தேன். அப்பா கீழே ரோட்டுக்கு இறங்கி, சோமே முதலாளியின் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். லயத்துக்கு ஏற வேண்டுமானால் அந்தக் கடையைத் தாண்டித்தானே வர வேண்டும்? மிச்சத்தை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றதாம். பதினோராம் ஆண்டும் இல்லை, பன்னிரண்டாம் ஆண்டும் இல்லை, முப்பது வயதைத் தாண்டிய ஆள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறான்.

"அண்ணே, கீழ்க்கணக்குச் செல்லையா வீடு எது?"

"எந்தச் செல்லையா?"

"குழி வேலைக்குப் போறவரு. நமக்கு நல்லாத் தெரிஞ்ச மனுசன்தான்."

"நல்லாத் தெரியுமா? நேருல பாத்திருக்கிறீங்களா?"

"என்னாண்ணே, நேத்துக்கூடப் பேசினேனே!"

உன் அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பியிருக்கிறார். "அது சரி, தம்பி யாரு மகன்? எந்தத் தோட்டம்? எந்த லயம்?" என்று கேட்டிருக்கிறார். அவன் ஏதோ ஒரு தோட்டத்தின் பேரைச் சொன்னான். அப்பாவின் அக்காவைக் கட்டிக் கொடுத்த தோட்டம் அது. "அங்க கோயில் தலைவரு யாரு?" என்று அப்பா கேட்டதும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டான். சோமே முதலாளி கடைக்குள் இருந்து, "கவுத செல்லையா மே மினிஹா?", யார் இந்த ஆள் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு வெளியே ஓடி வருவதற்குள் வளைவைத் தாண்டிவிட்டான். நம்பர் தகட்டில் பாதியை முதலாளிதான் பார்த்துச் சொன்னார். அப்பா வீட்டுக்கு ஏறி வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்.

உடனே பஸ் பிடித்துப் போலீசுக்குப் போனோம். சோமே முதலாளியும் கடையைப் பூட்டிவிட்டுச் சாட்சி சொல்ல வந்தார். பெண் போலீஸ் ஒருவர் தனுவைத் தனியாக உட்கார வைத்துச் சிங்களத்தில் கேட்டார். பிள்ளை பயப்படாமல் எல்லாவற்றையும் சிங்களத்திலேயே சொன்னாள். போனில் இருந்த பேச்சையெல்லாம் பார்த்து, "இதை அழிக்காமல் வைத்திருந்தீர்களே, நல்லது" என்று அந்த அம்மா சொன்னார். நீ அழிக்கச் சொன்னதை நான் கேட்காததற்குக் காரணம் அதுதான். போன் கடைக்காரனுக்கும் தெரியாத விஷயம் இருக்கும், ஆனைக்கும் அடி சறுக்கும். அந்த ஆள் இன்னும் அகப்படவில்லை. அகப்படும் வரைக்கும் தனு வீட்டில் தனியாக இருக்க மாட்டாள், நான் மலையில் இருக்கும் நேரம் பக்கத்து வீட்டில் இருப்பாள்.

சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடம். நான் தெரியாத ஆள், அவள் அவள்தான். "தங்கச்சி எந்த லயம்?" என்று குரலை மாற்றிக் கேட்டேன். "நீங்க யாருன்னு மொதல்ல நீங்க சொல்லுங்கன்னு சொல்லுடி" என்றால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது, வாய் வரவில்லை. "பெரியவங்கள அப்பிடிக் கேட்டா நீங்கதானே ஏசுவீங்க?" என்றாள். நியாயம்தானே? மரியாதை மரியாதை என்று ஒன்பது வருஷம் ஊட்டிவிட்டு, ஒரே நாளில் துப்பு என்றால் எப்படித் துப்புவாள்? பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக்கூடாது. யோசித்து யோசித்து ஒரு வசனம் கண்டுபிடித்தோம். "எங்கம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேங்க." இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல ஆளாக இருந்தால், "சரிம்மா, கேட்டுச் சொல்லு" என்பான். கெட்டவன் என்றால் அந்த இடத்திலேயே கழன்றுகொள்வான். இதை அவள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் என்னையே விரட்டிவிட்டாள். அதற்குப் பிறகு, முகம் பார்த்துப் பழகாதவர்களைத் தமிழ் பேசினாலும் நம்ம ஆள் என்று எடுக்கக்கூடாது என்றேன். அந்தக் கணக்கு பஸ்ஸுக்குச் சரி, போனுக்குச் சரிவராது. பாடசாலை உடுப்பு, லயத்து நம்பர், அம்மா அப்பா வேலைக்குப் போகும் நேரம் இதெல்லாம் போனுக்குள் போகக்கூடாது. போன் பார்ப்பது இஸ்தோப்பில், ஆட்கள் நடமாடும் இடத்தில், போர்வைக்குள் வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அன்று எனக்கு மனம் லேசாக இருந்தது.

இதில் உன் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, சொன்னால் கோபப்படாதே. போனை நீ கொடுக்கும்போது உன் பேரில், உன் வயதில்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தாய். அந்த விளையாட்டுக்கு அவள் இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை. பிள்ளைகளுக்கென்று வேறு மாதிரிப் போட்டு, தெரியாதவர்கள் பேச முடியாமல் அடைத்து வைக்கலாம் என்று போலீஸ் அம்மா சொன்னார். அது உனக்கு நன்றாகத் தெரிந்த வேலை, ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் செய்து கொடுக்கிறாய். அதோடு, போன வருஷம் தனு பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியபோது அவள் முழுப் பேர், பாடசாலைப் பேர், தோட்டத்தின் பேர் எல்லாம் போட்டு அவள் போட்டோவை நீதானே பேஸ்புக்கில் போட்டாய்? பெருமையில்தான் போட்டாய். நானும் அதைப் பார்த்து அழுதேன், லயம் முழுக்கக் காட்டித் திரிந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வந்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் பிள்ளை என்று ஒருவரும் கேட்காமலே நாம் இரண்டு பேரும் ஊர் உலகத்துக்கு ஒப்பித்திருக்கிறோம், இல்லையா? அவளை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

போனைப் பிடுங்குவது சுலபம்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதையும் சுலபம்தான். அவள் வகுப்பில் பாடம் போனில்தான் வருகிறது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் போனுக்குப் போவாள், அங்கே நான் இருக்க மாட்டேன். ஆனால் நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காகக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. எனக்கு ஒரு பக்கக் காது சரியாகக் கேட்காது என்று உனக்குத் தெரியுமே. தனு என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு இருந்தாள். அண்ணன் பேசுகிறான் என்று ஆசையாக வந்து உட்கார்ந்தவள். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள்.

நீ வைத்த பிறகு கீரையைத் தள்ளிவிட்டுக் கேட்டாள், "அம்மா, அந்த ஆள் சொன்னது நெசந்தானே?"

"அவன் என்னா சொன்னான்?" என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இது ஒன்று பாக்கி இருந்திருக்கிறது. எழுத்தில் இல்லை, வாயால் சொல்லியிருக்கிறான்.

"நான் வாறத அம்மாகிட்ட சொல்லிராத, சொன்னா ஒன்னத்தான் ஏசுவாங்க, போனப் புடுங்கிருவாங்கன்னு சொன்னாரு. நான்தான் கேக்காம ஒங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் பேசினாள். "அவரு சொன்ன மாதிரியேதான் அண்ணனும் சொல்லுது. அடுத்த தடவ நான் ஒங்ககிட்ட சொல்ல மாட்டேம்மா."

தம்பி, அந்த மோட்டார் சைக்கிள்காரனை நினைத்துக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அவன் சொன்னதெல்லாம் பொய். படிக்கிறேன் என்றது பொய், அப்பாவைத் தெரியும் என்றது பொய். அந்த ஒன்றை மட்டும் நாம் உண்மையாக்கி, அவன் கையில் கொடுக்கப் போகிறோம். "இல்லடி, அண்ணன் கோவத்துல பேசிருச்சு, புடுங்காது" என்று நான் சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள், நீ சொன்னதை அவள் காதால் கேட்டிருக்கிறாள். நீதான் வர வேண்டும். தீபாவளி வரைக்கும் காத்திருக்காதே, ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வா. வந்து போனை எடுத்து அவள் கையில் கொடு. பக்கத்தில் உட்கார்ந்து, அடைக்க வேண்டியதை அவளைக் கேட்டுக் கேட்டு அடை. அதற்கு முன்னால், "நீ அம்மாகிட்ட சொன்னது நல்லது தங்கச்சி" என்று ஒரு வார்த்தை சொல். அதை இன்னும் அவளிடம் யாருமே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா